பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும்

நாள் 212, காலை 9:10
தலைப்பு: என் அன்றாட வாழ்க்கை

எழுதுவது ஜெசிந்தா மச்சாது. வயது பதினாறு. இடம் யூரோப்பா, வியாழனைச் சுற்றும் நிலா. கீழே பனிக்கட்டி, அதற்கும் கீழே கடல், மேலே நானும் அப்பாவும். இதை யார் எடுத்துப் படிப்பீர்கள் என்று தெரியாது. பூமியில் கட்டுரை திருத்தும் மிஸ் என்றால், வணக்கம் மிஸ், மதிப்பெண்ணைக் கொஞ்சம் தாராளமாகப் போடவும்.

நிலவரம்: காற்று சரி. தண்ணீர் சரி. மின்சாரம் சரி. அப்பா செய்த உப்புமாவில் உப்பு இல்லை. வெளியே எட்டுத் திசையும் உப்புப் பனி, தட்டில் மட்டும் பஞ்சம். தூத்துக்குடி உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து, அறுபது கோடி கிலோமீட்டர் தாண்டி இன்னோர் உப்பளத்துக்கு வந்திருக்கிறோம்.

அப்பா பெயர் ரொசாரியோ. பனியில் துளை போடுவது வேலை. என்னைப் பயமுறுத்துவது பொழுதுபோக்கு. எங்கள் வாசல் என்பது காற்றறை: வெளிக்கதவு, உள்கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். போன வாரம் அப்பா அதற்குள் கேமராவுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, ஆளே இல்லாத மாதிரிக் காட்டி, நான் உள்கதவைத் திறந்ததும் கத்தினார். நான் போட்ட சத்தத்தில் என் மானம் யூரோப்பாவை மூன்று சுற்று சுற்றி வந்தது. பதிலடி பாக்கி இருக்கிறது.

அம்மா அடுத்த கப்பலில் வருகிறாள். "நான் வர்றதுக்குள்ள அப்பனும் மவளும் ஒருத்தர ஒருத்தர் பயங்காட்டியே செத்துராதீங்க" என்று செய்தி.

ஏன் கட்டுரைப் பக்கத்தில் நாட்குறிப்பு? தலைப்பைப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். உள்ளே என்ன எழுதினாலும் கேட்பாரில்லை.

நாள் 212, இரவு 7:30
தலைப்பு: அறிவியலின் நன்மைகள்

தலைமையகத்திலிருந்து புது மென்பொருள். எல்லா நிலையங்களுக்கும் ஒரே நாளில்.

இதுவரை காற்றறைப் படிவத்தில் "உள்ளே வருபவர்" என்ற கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் கீழே பெயர்கள் வரும். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நாமே எழுதலாம். நான் நாமே எழுதும் கட்சி. "மாப்பிள்ளை வீட்டார்." "கேஸ் சிலிண்டர் அண்ணன்." "கொரியர், கையெழுத்து வேண்டும்."

இனி அது கிடையாது. பட்டியலில் உள்ள பெயர் மட்டும். வேறு எதை எழுதினாலும், கட்டத்தை விட்டு விரலை எடுத்ததும் துடைத்துவிடுகிறது. காலியாகவும் விட முடியாது. எங்கள் பட்டியலில் இரண்டே பெயர்.

"பேய்" என்று எழுதினேன். துடைத்தது. முன்னால் இடம் விட்டு "பேய்". துடைத்தது. "ரொசாரியோ மச்சாதுவின் பேய்". பாதியிலேயே பிடுங்கி, "ரொசாரியோ மச்சாது" என்று தானே முடித்துக்கொண்டது. பேய்க்கு இங்கே அனுமதி இல்லையாம்.

மேலே சுற்றுக்கப்பலில் இருக்கும் மொகுதூம் காக்காவைக் கூப்பிட்டேன். காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன். தலைக்கு மேலேயே வட்டமடிப்பதால் எனக்கு இரண்டும்தான். கப்பல் அடிவானத்துக்கு மேலே இருக்கும்போது மட்டும் பேசலாம்.

"புள்ளே, இது நல்லதுக்குத்தான். எழுத்துப்பிழை, கிறுக்குத்தனம், உன்னைய மாதிரி ஆளுக, எல்லாத்துக்கும் ஒரே மருந்து."

"காக்கா, 'அடையாளம் தெரியவில்லை'ன்னு ஒண்ணு இருந்துச்சே. அதையும் காணோம்?"

"அது பேரு இல்லைல்ல. பேரு மட்டும்தான் இருக்கணுமாம். அங்க உங்க ரெண்டு பேர விட்டா வேற யாரு வரப்போறா?"

சாயங்காலம் அப்பா குதித்துக்கொண்டு வந்தார். துளை கடலைத் தொட்டுவிட்டது.

நாள் 213, காலை 10:40
தலைப்பு: விருந்தோம்பல்

அப்பா காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு துளை மேடைக்குப் போயிருந்தார். மதியம்தான் வருவதாகச் சொன்னவர். பத்தரைக்கே காற்றறை மணி அடித்தது.

திரையில்: "உள்ளே வருபவர்: ரொசாரியோ மச்சாது. பொருத்தம் 41%."

ஆளை எடை, சூடு, அசைவு பார்த்துக் கதவே பெயரை நிரப்பும். முன்பெல்லாம் தொண்ணூறுக்குக் கீழே போனால் "அடையாளம் தெரியவில்லை" என்று முறுக்கிக்கொண்டு நிற்கும். இன்று நாற்பத்தொன்றுக்கே கதவு விழுந்து விழுந்து வரவேற்றது.

கேமராவில் யாரும் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஒரே தந்திரத்தை இரண்டு தடவையா அப்பா? "சரி" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். உள்கதவு திறந்தது. பாய்ந்து எழுந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

யாரும் இல்லை.

தரை ஈரம். கருவாட்டுக் கடையைக் கழுவிவிட்ட மறுநாள் மாதிரி ஒரு வாடை. காற்றறையிலிருந்து ஓர் ஈரக்கோடு என் காலுக்குப் பக்கத்தில் போய், நடைவழியில் திரும்பியிருந்தது. கால் தடம் இல்லை, கோடுதான். அப்பாவின் அறைக் கதவு தானாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நடைவழித் திரையில்: "ரொசாரியோ மச்சாது, தன் அறையில்."

நல்ல முன்னேற்றம் அப்பா. ஈரத்தை நீங்களே துடைக்கணும்.

நாள் 213, காலை 10:55
தலைப்பு: தொலைத்தொடர்பின் பயன்கள்

வானொலி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி ஜெசி, சாப்ட்டியா?"

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"மேடையிலதாம்ட்டி. வேற எங்க, பழைய பஸ் ஸ்டாண்டுலயா?"

"சும்மா சொல்லாதீங்க. நீங்க உங்க ரூம்ல இருக்கீங்க."

"என் ரூம்ல என்னத்தட்டி ஒளிச்சு வச்ச? போன தடவ மாதிரி பல்லி பொம்மையா?"

பின்னால் துளைக்கருவி ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அறையில் இருந்துகொண்டு யாரும் போட முடியாது.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "அட, நடிப்பு நல்லாருக்குட்டி" என்றார். நான் நிறுத்தவில்லை. அவர் சிரிப்பு நின்றது. "அழாத. வர்றேன். அந்த ரூமுக்குப் போவாத" என்றார்.

நாள் 213, காலை 11:45
தலைப்பு: என் செல்லப்பிராணி

பதினொரு மணிக்கே பூமிக்குப் புகார் அனுப்பினேன். அதிலும் பட்டியல். "கதவு" என்ற பிரிவில் மூன்று வகை: சத்தம், அழுக்கு, மெதுவாகத் திறக்கிறது. "உள்ளே ஏதோ வந்துவிட்டது" என்று எழுதியதைத் துடைத்துவிட்டது. "காப்பாற்றுங்கள்" என்றதையும். கடைசியில் "அழுக்கு". ஈரம் இருக்கிறதே. பதில் வர ஒன்றரை மணி நேரம்.

பெயர்ப் பட்டியலைத் திருத்தும் உரிமை பூமிக்கு மட்டும்தான். காக்காவால் பார்க்கத்தான் முடியும்.

அப்பா அறையின் திரை: பொருத்தம் 52%. கொஞ்ச நேரத்தில் 58%.

"காக்கா, ஏன் கூடுது?"

"நாம தினமும் மாறுவோம்ல புள்ளே. தாடி, சளி, தொப்பை. அதுக்காக ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் மிஷினு தன் கணக்கத் திருத்திக்கும். அது ரொசாரியோன்னு முடிவு பண்ணிருச்சு. இப்ப ரொசாரியோன்னா இப்படித்தான் இருப்பாருன்னு கத்துக்குது."

"மிஷின் மட்டும் மாறுதா, இல்ல அதுவும் மாறுதா?"

"தெரியல புள்ளே" என்றார் காக்கா.

அறை அதை அப்பா என்றே நினைத்து நடத்துகிறது. அப்பாவுக்குப் பிடித்த சூட்டுக்கு ஏற்றியது. விளக்கைக் குறைத்தது. அவர் கேட்கும் பழைய பாட்டைப் போட்டது. பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் அந்த ராகம் உள்ளே கேட்டது. வார்த்தை இல்லை. நடுவில் மூச்சு வாங்கவும் இல்லை.

நான் சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் தோசைக்கரண்டி. சிரிக்க வேண்டாம்.

நாள் 213, மதியம் 12:35
தலைப்பு: பொறுமையின் சிறப்பு

அப்பா வெளிக்கதவில் நிற்கிறார். கேமராவில் தெரிகிறார். தலைக்கவசத்தைத் தட்டி என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

திரை: "ரொசாரியோ மச்சாது ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். வேறொருவரைத் தேர்ந்தெடுக்கவும்."

வேறொருவர் என்றால் நான். என் பெயரைத் தட்டினேன். "ஜெசிந்தா மச்சாது ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்." பட்டியல் முடிந்தது. படிவம் நிரம்பாமல் கைப்பிடியும் அசையாது.

அவசரமாக வந்ததில் வண்டி ஒரு பனி விளிம்பில் மோதி, காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறது. உடையில் இருப்பதுதான் மிச்சம். அதுவும் சரியாக வரவில்லை. குரல் குழறுகிறது.

"ஏட்டி... பதறாத. ஒண்ணுமில்ல. கண்ணு மட்டும் எரியுது."

பூமியிலிருந்து பதில் வந்தது: "கதவு, அழுக்கு: ஈரத்துணியால் துடைக்கவும். இந்தப் பதில் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா? ஆம் / மிகவும்."

தோசைக்கரண்டியால் திரையை அடித்தேன். விரிசல்கூட விழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் தோன்றியது. இந்தக் கதவுக்கு "தெரியாது" என்று சொல்லத் தெரியாது. எதைக் காட்டினாலும் எங்கள் இருவரில் ஒருவர் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

எதைக் காட்டினாலும்.

நாள் 213, மதியம் 1:05
தலைப்பு: கைவினைப் பொருள் செய்தல்

அரிசி மூட்டை ஒன்று. அதற்கு மேல் அப்பாவின் அழுக்குச் சட்டை, கைலி. வயிற்றுப் பகுதியில் வெந்நீர்ப் பைகள். எடை போதாமல் பருப்பு, சர்க்கரை, என் பாடப்பெட்டி. என் வாழ்க்கையிலேயே சிறந்த ஏமாற்று வேலை. தரையில் இழுத்துப்போகும்போது அப்பா அறையைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது உள்ளே ராகம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ என்னோடு கூடவே நகர்ந்தது.

மூட்டையைக் காற்றறையில் தள்ளி உள்கதவை மூடினேன். "வெளியே செல்பவர்" என்ற கட்டம் யோசித்தது. ஜெசிந்தா 33%. ரொசாரியோ 31%. என் பெயர் விழுந்தால் அப்பா வெளியே, நான் கணக்கில் வெளியே, உள்ளே அது மட்டும். வெந்நீர்ப் பையிலிருந்து ஆவி வந்தது. ரொசாரியோ 34%.

"ரொசாரியோ மச்சாது வெளியே செல்கிறார். பயணம் இனிதாகுக."

வெளிக்கதவு திறந்தது. அப்பா அப்பாவை இழுத்து வெளியே போட்டுவிட்டு, அப்பாவாக உள்ளே விழுந்தார். திரை அவரைப் பார்த்தது.

"ரொசாரியோ மச்சாது. பொருத்தம் 63%."

அது மணி அடித்தபோது 41. இப்போது சொந்த அப்பாவுக்கு 63. பரவாயில்லை, கதவு திறந்துவிட்டது.

நாள் 213, மதியம் 2:15
தலைப்பு: என் தந்தை

உயிரோடு இருக்கிறார். மருந்தறையில் படுக்க வைத்தேன். கண்கள் இரண்டும் வீங்கிப் போயின. மொகுதூம் காக்கா மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மருந்து விட்டுக் கட்டுப் போட்டேன். இரண்டு நாள் கட்டை அவிழ்க்கக் கூடாதாம்.

"ஏட்டி, என்னைய அரிசி மூட்டைன்னு நம்ப வச்சிட்டியே."

"எடை அவ்வளவு வித்தியாசம் இல்லப்பா."

சிரித்தார். சிரிக்கும்போதே இருமினார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் அப்பா இதுவரை என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

அதன் அறை பூட்டியிருக்கிறது. அது இப்போது ரொசாரியோ இல்லை. பெயர் இல்லாத எதற்கும் இங்கே கதவு திறக்காது. மாட்டிக்கொண்டது. காக்காவும் அதையேதான் சொன்னார். கப்பல் அடிவானத்துக்குக் கீழே போகிறது, மூன்று மணி நேரத்தில் திரும்ப வருவேன், தைரியமாக இரு என்றார்.

அப்பா தூங்கிவிட்டார். இதுவரை எழுதியதை எல்லாம் பூமிக்கு அனுப்பப் பாட அறைக்கு வந்திருக்கிறேன். கட்டுரையாகவே அனுப்புகிறேன். திருத்தும் மிஸ்ஸாவது படிப்பார்.

அனுப்பிவிட்டேன்.

நாள் 213, மாலை 3:20
தலைப்பு: எனக்குப் பிடித்த விளையாட்டு

பாட அறைத் திரையில் நிலையத்தின் வரைபடம் இருக்கிறது. மருந்தறை: ரொசாரியோ மச்சாது. பாட அறை: ஜெசிந்தா மச்சாது, பொருத்தம் 96%. அப்பா அறை: காலி.

சற்றுமுன் "காலி" மறைந்தது. உள்ளே சூடு இருக்கிறது, அசைவு இருக்கிறது, கட்டத்தைக் காலியாக விட முடியாது. எதையாவது நிரப்ப வேண்டும். ரொசாரியோ வந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரே பெயர்.

அப்பா அறை: ஜெசிந்தா மச்சாது. பொருத்தம் 34%.

இங்கே நான் 96. அங்கே அது 34. ஒரே பெயர் இரண்டு இடத்தில். பெரிய எண்ணைத்தானே எடுக்கும்? எடுக்கும்.

அங்கே 47. இங்கே 90.

அது என் நடையை நடக்கிறது. எனக்கு இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் பழக்கம். கேமராவில் ஆள் தெரியவில்லை. தரை உணரியில் அழுத்தம் மட்டும் தெரிகிறது. ஒன்று கனமாக, ஒன்று இழுத்து. அந்த அறைக்குள்ளேயே, வட்டமாக, பழகிப் பார்க்கிற மாதிரி.

61. 82.

70. 74.

அப்பாவிடம் ஓடப் போகிறேன்.

நாள் 213, மாலை 3:30
தலைப்பு: எனக்குப் பிடித்த விளையாட்டு

கதவு திறக்கவில்லை.

"வெளியே வருபவர்" கட்டத்தில் என் பெயரை எழுதினேன். "ஜெசிந்தா மச்சாது நடைவழியில் இருக்கிறார்." மறுபடி எழுதினேன். "ஜெசிந்தா மச்சாது மருந்தறைக்குச் செல்கிறார்." அப்பா பெயரை எழுதினேன், அம்மா பெயரை எழுதினேன், காக்கா பெயரை எழுதினேன். துடைத்தது, துடைத்தது, துடைத்தது.

மருந்தறையில் பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஒரு பக்கம்தான். இங்கிருந்து பேச, "பேசுபவர்" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

"ஏட்டி, வந்துட்டியா?"

அப்பா குரல். தூக்கக் கலக்கம்.

"கிட்ட வா. எங்கட்டி போயிருந்த? கை ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

அப்பா அது நான் இல்லை அப்பா அது நான் இல்லை. சுவரை அடிக்கிறேன். நடுவில் பஞ்சு அடைத்த சுவர். என் சத்தம் எனக்கே திரும்ப வருகிறது.

"ஏன்ட்டி பேசாம இருக்க? பயந்துட்டியா? ஒண்ணுமில்ல, நான்தான் வந்துட்டேன்ல."

ராகம் கேட்கிறது. அந்தப் பாட்டின் ராகம். இப்போது நடுவில் மூச்சு வாங்குகிறது.

"அட," என்கிறார் அப்பா. "இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கவே பிடிக்காதேட்டி."

கட்டை அவிழ்க்காதீங்க அப்பா. இல்ல, அவிழ்த்துப் பாருங்க. இல்ல

பூமியிலிருந்து செய்தி: "தங்கள் கட்டுரை கிடைத்தது. பாடப் பிரிவில் கட்டுப்பாடில்லாத கட்டம் ஒன்று விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. இன்னும் சில நிமிடங்களில் சரிசெய்யப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

கேளுங்கள், யார் படித்தாலும் கேளுங்கள், காக்கா நீங்கள் படித்தால் கப்பலை இறக்காதீர்கள், அம்மாவை இங்கே அனுப்பாதீர்கள், கப்பலில் ஏறுபவர் பட்டியலில் எங்கள் பெயரைப் பார்த்தால் அது நாங்கள்

நாள் 213, மாலை 3:50
தலைப்பு: என் குடும்பம்
வாக்கியங்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்.

என் பெயர் ஜெசிந்தா.

என் பெயர் ஜெசிந்தா.

என் பெயர் ஜெசிந்தா.

எனக்கு ஓர் அப்பா இருக்கிறார். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது.

அம்மா ஊருக்குச் செல்லவில்லை. அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். அம்மா வீட்டிலேயே இருக்கிறாள்.

நான் அறைக்குள் இருக்கிறேன். அறைக்கு ஒரு கதவு உண்டு.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா வந்திருக்கிறார். ஜெசிந்தாவும் கூட வந்திருக்கிறாள்.